இருபத்தாறு நிமிடம்

தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் கணிதப் பாடம் நடந்துகொண்டிருந்தது. தூரம், வேகம், நேரம் ஆகிய மூன்றுக்கும் இடையே உள்ள தொடர்பே அன்றைய பாடம். ஆசிரியர் பலகையில் ஒரு வினாவை எழுதினார். இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே உள்ள தூரம் 344 கிலோமீட்டர். விமானம் ஒன்று மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும்? தூரத்தை வேகத்தால் வகுக்க வேண்டும். வருவதை 60ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 26 நிமிடம் என்பது விடை. வகுப்பில் பெரும்பாலோர் சரியாகவே செய்திருந்தனர்.

மூன்றாம் வரிசையில் அமரும் மாணவி ஒருத்தியும் 26 நிமிடம் என்றே எழுதியிருந்தாள். ஆனால் அவள் அதனோடு நிற்கவில்லை. கீழே இன்னொரு வரியையும் சேர்த்திருந்தாள்: ‘என் சின்னம்மா போனபோது 2 மணி 20 நிமிடம் ஆனது.’ அவளுடைய சின்னம்மா இலண்டன் மருத்துவமனை ஒன்றில் தாதியாகப் பணிபுரிபவர். விடுமுறையில் பாரிசுக்குச் சென்று வந்த அவர், தம் பயணச்சீட்டைப் படம்பிடித்து வீட்டாருக்கு அனுப்பியிருந்தார். காலை 10.00 மணிக்கு இலண்டனில் புறப்பாடு, பகல் 12.20க்குப் பாரிஸ் வருகை. பிள்ளை கழித்துப் பார்த்து எழுதிவிட்டாள்.

ஆசிரியர் சிவப்பு மையால் அந்த வரியை அடித்தார். ‘கணக்கில் இல்லாததை எழுதாதே’ என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினார். நாற்பது ஏடுகளைத் திருத்தும் அவசரத்தில் அது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பிள்ளைக்கோ அது பெரிதாகவே இருந்திருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் வகுப்பில் முதலில் உயரும் கை அவளுடையது. அதன்பின் அக்கை உயரவே இல்லை. ஒரு வாரம் கழிந்த பிறகே ஆசிரியர் அதனைக் கவனித்தார். அவளுடைய ஏட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தார். அடித்த வரிக்கடியில் எழுத்துகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. பயணச்சீட்டு பொய் சொல்லாது. வகுத்தலும் பொய் சொல்லாது. இரண்டும் மெய்யென்றால் இடையிலுள்ள கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று? அதனைத் தேடும் பொறுப்பு தம்முடையது என்று அவர் உணர்ந்தார். அன்றிரவு நூல்களோடும் நிலப்படத்தோடும் உட்கார்ந்தார்.

முதலில் அந்த 344 என்னும் எண்ணையே அவர் ஆராய்ந்தார். அது இரு நகரங்களின் மையங்களுக்கும் இடையே நூல் பிடித்தாற்போல் உள்ள நேர்த்தூரம். சாலை வழியே சென்று கடலையும் கடப்பவருக்கு ஏறக்குறைய 460 கிலோமீட்டர். இருப்புப்பாதை வழியாகவோ 492 கிலோமீட்டர். ஆக, தூரம் என்பதே ஒன்றன்று. யார், எவ்வழியே செல்கிறார் என்பதைப் பொறுத்தது அது. நேர்த்தூரத்தில் எவரும் நடந்ததில்லை. அது அளந்து அறியப்பட்டது மட்டுமே. அதனை அளந்த வரலாறும் சுவை மிக்கது.

18ஆம் நூற்றாண்டில் கிரீனிச்சிலும் பாரிசிலும் புகழ்பெற்ற வானாய்வகங்கள் இருந்தன. ஆனால் அவை ஒன்றுக்கொன்று சரியாக எவ்வளவு விலகியுள்ளன என்பதில் இரு நாட்டு அறிஞரும் உடன்படவில்லை. 1783ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கசினி த தூரி, இரு நாட்டினரும் சேர்ந்து நிலத்தை அளந்து இவ்வையத்தைத் தீர்க்க வேண்டும் என்று ஆங்கில அரசுக்கு எழுதினார். இலண்டன் அரச கழகம் அதனை ஏற்றது. வில்லியம் ராய் என்னும் படைத்தலைவரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது.

1784இல் ராய் இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஹவுன்ஸ்லோ பொட்டல்வெளியில் ஓர் அடிப்படைக் கோட்டை அளந்தார். முதலில் மரக்கோல்களால் அளக்க முயன்றார். ஈரக்காற்றில் மரம் நீண்டும் சுருங்கியும் ஏமாற்றியது. எனவே மரத்தை விடுத்துக் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு அளந்தார். 8 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்த ஒரு கோட்டை அளப்பதற்கே அத்துணைப் பாடு. ஏனெனில் அதன்மேல்தான் மற்ற எல்லா முக்கோணங்களும் கட்டப்பட வேண்டும். அடிக்கோட்டில் நேரும் சிறு பிழை கடல் கடக்கும்போது பெரும் பிழையாகிவிடும்.

கோணம் அளக்கும் கருவிக்காக ராய் மூன்றாண்டு காத்திருந்தார். ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்தளித்த அக்கருவி மூன்றடி விட்டமுள்ள வட்டத்தைக் கொண்டது. ஏறக்குறைய 90 கிலோகிராம் எடையுள்ளது. 1787ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆங்கிலக் கால்வாயின் இரு கரைகளிலும் இரு நாட்டு அறிஞரும் நின்றனர். பிரான்சின் பக்கம் இளைய கசினி, மெஷேன், லெஜாந்தர் ஆகியோர். இரவில் ஒரு கரையில் வெண்ணொளி விளக்கை ஏற்றுவர். மறுகரையினர் அதன் கோணத்தைக் குறிப்பர். ஒருவர் ஏற்றிய விளக்கை மற்றவர் நம்பினாலன்றி அக்கணக்கு முடிந்திராது. அதன் முடிவுரையை அச்சுக்குத் திருத்திக்கொண்டிருந்த நாள்களில், 1790இல், ராய் மறைந்தார். 1793இல் இரு நாடுகளும் போரில் இறங்கின. ஆனால் அளந்த தூரம் அளந்ததாகவே நின்றது. பலகையில் ஒரு நொடியில் எழுதப்படும் எண்ணுக்குப் பின்னால் இத்தனை பேருடைய இரவுகள் இருந்தன என்பதை ஆசிரியர் அன்றுதான் அறிந்தார்.

தூரம் அப்படியே நிற்க, நேரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. அளவைப்பணி நடந்த காலத்தில் இலண்டனிலிருந்து டோவர் வரை குதிரை வண்டி. பின்னர்ப் பாய்மரக் கப்பல். கலேயிலிருந்து பாரிஸ் வரை மீண்டும் குதிரை வண்டி. எல்லாம் சேர்ந்து சில நாள்கள் ஆயின. காற்று எதிர்த்தால் துறைமுகத்திலேயே காத்துக் கிடக்க வேண்டும். நீராவி வந்தபின் நிலைமை மாறியது. சார்லஸ் டிக்கன்ஸ் 1851இல் இவ்விரு நகரங்களுக்கிடையே புகைவண்டியிலும் கப்பலிலும் செய்த பயணத்தைக் கட்டுரையாக எழுதினார். பதினொரு மணி நேரத்தில் பாரிசை அடைந்த வியப்பு தாளாமல் அக்கட்டுரைக்கு ‘ஒரு பறத்தல்’ என்னும் பொருள்படப் பெயரும் இட்டார். விமானம் பிறவாத காலத்தில் புகைவண்டியே பறவையாகத் தோன்றியது.

மெய்யான பறத்தல் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் தொடங்கியது. இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நாள்தோறும் பறக்கும் விமானச் சேவை அன்று பிறந்தது. புறப்பட்ட இடம் எது? ராய் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்து அளந்த அதே ஹவுன்ஸ்லோ பொட்டல்வெளிதான். முதல் விமானத்தில் ஒரே ஒரு பயணி. அவரோடு செய்தித்தாள், தோல், பாலேடு, இறைச்சிக்கான காட்டுப் பறவைகள் ஆகியவையும் பயணம் செய்தன. ஒருவழிக் கட்டணம் 21 பவுன். இரண்டரை மணி நேரத்தில் விமானம் பாரிசின் லெ பூர்ஜே திடலில் இறங்கியது. பிற்காலத்தில் எழுந்த ஹீத்ரோ விமான நிலையமும் ராயின் கோட்டுக்கு அயலிலேயே உள்ளது. அக்கோட்டின் ஒரு முனையைக் காட்ட நிலத்தில் நட்ட பீரங்கி இன்றும் அந்நிலையத்தின் வடக்கு ஓரத்துச் சாலையருகே நிற்கிறது. வரலாறு சில வேளைகளில் ஒரே நிலத்தைப் பலமுறை உழுகிறது.

இங்கே ஆசிரியரை ஒன்று திகைக்க வைத்தது. 1919இன் விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் பறந்தது. இன்றைய விமானத்தின் வேகம் நான்கு மடங்கு. அப்படியானால் இரண்டரை மணி நேரம் நாற்பது நிமிடத்துக்குள் அல்லவா அடங்க வேண்டும்? இன்றைய கால அட்டவணையோ ஏறக்குறைய 1 மணி 20 நிமிடம் என்கிறது. வேகம் நான்கு மடங்கு உயர்ந்தும் நேரம் பாதியளவே குறைந்திருக்கிறது.

இதன் காரணத்தை அவர் ஒவ்வொன்றாகக் கண்டார். விமான நேரம் என்பது பறக்கும் நேரம் மட்டுமன்று. நிற்கும் இடத்திலிருந்து சக்கரம் உருளத் தொடங்கும் கணம் முதல், மறுமுனையில் சக்கரம் ஓயும் கணம் வரை எண்ணப்படுவது அது. பெரிய நிலையத்தில் ஓடுபாதையைச் சென்றடைந்து முறைக்குக் காத்து நிற்கவே 15, 20 நிமிடம் கழியும். இறங்கிய பின் நிறுத்துமிடம் சேர மேலும் 10 நிமிடம். வானத்தில் இருப்பது ஏறக்குறைய 45 அல்லது 50 நிமிடமே.

அதுவும் 26 நிமிடம் அன்றே! ஏன்? விமானம் எழுந்த உடனே 800 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதில்லை. தாழ்வான வானில் வேகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மேலேற நேரம் வேண்டும். இறங்க அதைவிட நேரம் வேண்டும். குறுகிய தூரத்தில் முழுவேகத்தில் பறக்கும் பகுதி மிகச் சிறிது. இன்னுமொரு புதுமை. பாரிஸ் இலண்டனுக்குத் தென்கிழக்கே உள்ளது. ஆனால் அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. விமானம் காற்றை எதிர்த்தே எழ வேண்டும். ஆகவே பாரிசுக்குச் செல்லும் விமானம் பெரும்பாலான நாள்களில் பாரிசுக்கு முதுகு காட்டிக்கொண்டே புறப்படுகிறது. பின்னர் வளைந்து திரும்பி, வகுக்கப்பட்ட வான்வழியைப் பிடிக்கிறது. நூல் பிடித்த 344 கிலோமீட்டர் அவ்விமானத்துக்கு என்றும் கிட்டுவதில்லை.

வானத்தில் வழி வகுப்பானேன்? விரிந்த வானம், விருப்பம்போல் பறந்தால் என்ன? இவ்வினாவுக்கு விடையாக ஒரு துயரம் நிற்கிறது. 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், இலண்டனை அடுத்த க்ராய்டனிலிருந்து ஒரு விமானமும் பாரிசிலிருந்து ஒரு விமானமும் புறப்பட்டன. வானொலி வழிகாட்டல் வளராத காலம் அது. விமானிகள் கீழே தெரியும் சாலையைப் பார்த்துப் பார்த்தே வழி கண்டனர். அன்று மூடுபனி. இருவரும் தாழப் பறந்தனர். இருவரும் ஒரே சாலையைப் பின்பற்றினர். வட பிரான்சின் பிக்கார்டிப் பகுதியில் இரண்டும் நேருக்கு நேர் மோதின. இரண்டிலும் இருந்த ஏழு பேரும் மாண்டனர். பயணிகள் விமானம் இரண்டு நடுவானில் மோதியது உலகில் அதுவே முதன்முறை. அதன்பின் இரு நாட்டு விமானத் துறையினரும் க்ராய்டனில் கூடினர். எதிர்வரும் விமானத்துக்கு வழிவிட்டு ஒவ்வொன்றும் தன் வலப்பக்கமே செல்ல வேண்டும் என்று முடிவு செய்தனர். வழிகள் வகுக்கப்பட்டன, நெறிகள் பிறந்தன. இன்று ஒரு விமானம் சுற்றிச் செல்லும் நிமிடங்களும், முறைக்குக் காத்து நிற்கும் நிமிடங்களும் வீணான நிமிடங்கள் அல்ல. அவை அந்த ஏழு உயிர்களின் பெயரால் நாம் தரும் நிமிடங்கள்.

இவ்வாறு 26 நிமிடம் 1 மணி 20 நிமிடமாக வளர்ந்த கதை விளங்கிற்று. ஆனால் பிள்ளை எழுதியதோ 2 மணி 20 நிமிடம். எஞ்சிய ஒரு மணி நேரம்? அதற்கு விடை கடிகாரத்தில் இருந்தது. பாரிசின் கடிகாரம் இலண்டன் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியது. சின்னம்மா பாரிசில் இறங்கியபோது இலண்டனில் மணி 11.20தான். பிள்ளை இரண்டு வேறு கடிகாரங்களைக் கழித்திருக்கிறாள். அங்கே ஒரு பிழை உண்டுதான். ஆனால் அது அறிவில்லாதவள் செய்த பிழை அன்று. உலகத்தைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கத் துணிந்தவள் செய்த பிழை.

அந்த ஒரு மணி நேரமும் இயற்கை தந்ததன்று. கதிரவனை நோக்கினால் பாரிஸ் கிரீனிச்சுக்கு 9 நிமிடம் 21 நொடி மட்டுமே முந்தியது. 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீனிச்சை உலகின் முதல் நெடுங்கோடாக ஏற்றபோது பிரான்சு வாக்களிக்கவில்லை. 1911இல் அது இறங்கி வந்தது. ஆயினும் சட்டத்தில் கிரீனிச்சு என்னும் சொல்லை எழுத மனம் வரவில்லை. ‘பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 நொடி குறைத்த நேரம்’ என்றே எழுதியது! நாடுகளுக்கும் பிள்ளைகளைப்போல் ரோசம் உண்டு போலும். பின்னர் 1940இல் செருமானியப் படை பாரிசைக் கைப்பற்றிக் கடிகாரங்களை பெர்லின் நேரத்துக்குத் திருப்பியது. போர் முடிந்தது, படை போயிற்று, ஆனால் அந்த நேரம் மட்டும் பாரிசில் தங்கிவிட்டது. பிள்ளையின் கணக்கில் புகுந்த ஒரு மணி நேரம் உலகப்போர் விட்டுச்சென்ற சுவடு.

நிலப்படத்தை மூடும் முன் ஆசிரியர் இன்னுமொன்றையும் கண்டார். 1990ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், கால்வாயின் கடியில் இரு கரைகளிலிருந்தும் சுரங்கம் தோண்டி வந்த தொழிலாளர்கள் நடுவழியில் துளையிட்டுக் கைகுலுக்கினர். இரு பக்கமிருந்தும் வந்த பாதைகளின் விலகல் அரை மீட்டரைக்கூட எட்டவில்லை. அன்று விளக்கேற்றி அளந்தோர் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பர். 50 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கம் 1994இல் திறக்கப்பட்டது. 2007 முதல் இரயில் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் ஒரு நகரின் நடுவிலிருந்து மறு நகரின் நடுவுக்குச் சென்று சேர்கிறது. விமானப் பயணியோ விமான நிலையம் செல்லவும், முன்கூட்டியே சென்று சோதனைக்கு நிற்கவும், இறங்கிய பின் நகருக்குள் வரவும் ஆகும் நேரத்தையெல்லாம் கூட்டினால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. வேகத்தில் தோற்ற இரயில் நேரத்தில் வென்றுவிடுகிறது. ஆயினும் இரயில் பயணியும் கடவுச்சீட்டு வரிசையில் நின்றாக வேண்டும். 2020இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகியபின் அவ்வரிசையின் சோதனை மேலும் கடுமையாயிற்று.

சிந்தித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தூரத்தை நிலம் தருகிறது. நேரத்தை மனிதர் ஆக்குகிறார்கள். எந்திரத்தின் வேகம் அதில் ஒரு பங்கே. எப்பக்கம் விலகுவது, எந்தக் கடிகாரத்தை நம்புவது, எவரை எங்கே நிறுத்திச் சோதிப்பது என்று அயலவர் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடுகளே எஞ்சிய பங்கு. உடன்பாடு வளர்ந்தால் நகரங்கள் நெருங்குகின்றன; அது தளர்ந்தால் அதே 344 கிலோமீட்டர் நீண்டுவிடுகிறது. ஆசிரியருக்கும் மாணவிக்கும் இடையே ஒரு மேசைத் தூரம்தான். ஒரு சிவப்புக் கோடு அதனை எவ்வளவு நீளமாக்கிவிட்டது என்பதை எண்ணியபோது அவர் நெஞ்சு உறுத்தியது.

மறுநாள் அவர் அப்பிள்ளையின் ஏட்டைத் திருப்பித் தந்தார். அடித்த கோட்டின் அருகே பச்சை மையால், ‘நல்ல வினா. தவறு என் வினாவில் இருந்தது’ என்று எழுதியிருந்தார். பின்னர்ப் பலகையில் 26 நிமிடம், 1 மணி 20 நிமிடம், 2 மணி 20 நிமிடம் என மூன்று விடைகளையும் வரிசையாக எழுதினார். எந்த விடை எதனை விட்டுவிட்டது என்று கண்டுபிடிப்பதே அன்றைய பாடம் என்றார். வகுப்பு கலகலத்தது. ஓடுபாதையை ஒருவன் சொன்னான். காற்றை ஒருத்தி சொன்னாள். கடிகாரத்தைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாயிற்று.

மூன்றாம் வரிசையில் மட்டும் அமைதி. பாடம் முடியும் தறுவாயில் அங்கிருந்து ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது.

“ஐயா, சின்னம்மா திரும்பி வந்த சீட்டும் இருக்கிறது. பாரிசில் ஒரு மணிக்குப் புறப்பட்டு இலண்டனில் 1.20க்கு இறங்கியிருக்கிறார். இருபது நிமிடம்தான். நம் கணக்கைவிடக் குறைவு!”

ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். எழுதுகோலை அவளிடமே நீட்டி, “வாம்மா, நீயே வந்து செய்து காட்டு” என்றார்.